குளவிக்குக் காவல் நின்ற அத்தை

மலையுச்சியையும் யானைக் கூட்டத்தையும் கண்டு இயற்கையை நேசிக்கத் தொடங்கிய கதைகளை இங்கே பலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சிறுவயதில் வாய்த்தது ஜன்னல் சட்டத்தின் மூலையில் மண்கூடு கட்டிய ஒரு குளவி மட்டுமே. கொட்டிவிடும், இடித்துவிடலாம் என்று வீட்டில் மற்றவர்கள் சொன்னபோது, "அது தன் பாட்டுக்கு வேலை பார்க்கிறது, விடுங்கள்" என்று தடுத்தவர் என் அத்தை.

தாடையில் ஈரமண் உருண்டையைக் கவ்விவந்து குழல் போன்ற அறையின் விளிம்பில் அது பூசும்போது, ரீங்காரம் திடீரெனக் கூர்மையாகும். அறை உருவானதும் சிலந்திகளைக் கொண்டுவந்து அடைக்கத் தொடங்கியது. ஒருமுறை அதன் பிடியிலிருந்து நழுவி விழுந்த சிலந்தியை அத்தை தாளில் ஏந்திக் காட்டினார். கால்கள் மடங்கிக் கிடந்தாலும், துடைப்பக்குச்சியால் தொட்டதும் ஒரு கால் மெல்ல அசைந்தது. குளவி அதைக் கொல்லவில்லை. முட்டையிலிருந்து வரும் புழுவுக்கு இரை கெடாதிருக்க, கொட்டிச் செயலிழக்கச் செய்திருந்தது. கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று கேட்டு வளர்ந்த எனக்கு, கொட்டு வாங்கியது சிலந்தி, குளவியாவது அதைத் தின்னும் புழு என்பது பெரும் வியப்பு.

அன்றே இயற்கையின்மீது அன்பு பெருகியது என்று சொல்லமாட்டேன். அந்தச் சிலந்தியை நினைத்து மனம் சங்கடப்பட்டது உண்மை. ஆனால் நல்ல உயிர், கெட்ட உயிர் என்று பிரித்துப் பேசுவது அதன்பின் எனக்கு ஒட்டவேயில்லை.

அத்தையைப் போல ஒருவர் அருகில் இருந்ததும் முக்கியம் என்று நினைக்கிறேன். பறவையியல் அறிஞர் சலீம் அலி சிறுவனாக இருந்தபோது, தான் சுட்ட சிட்டுக்குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருப்பதைக் கண்டு மாமாவிடம் கேட்டார். மாமா அவரை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்ப, அதன் செயலாளர் மில்லார்ட் பறவை இனத்தைச் சொன்னதோடு, பதப்படுத்திய பறவைகளின் சேகரிப்பையும் திறந்து காட்டினார். நார்வேயிலும் அமெரிக்காவின் கென்டக்கியிலும் சூழல் செயற்பாட்டாளர்களிடம் பேசி ஆய்வாளர் லூயிஸ் சாவ்லா 1999இல் வெளியிட்ட ஆய்விலும், இயற்கைவெளியில் பெற்ற அனுபவத்தோடு குடும்பத்தினரின் தாக்கமும் அவர்கள் சூழலுக்காகச் செயல்பட வந்ததற்கு முக்கியக் காரணமாகத் தெரியவந்தது.

ஆகவே, குழந்தைகளைக் காட்டில் கொண்டுபோய் விட்டாலே போதும், மற்றது தானாக நடக்கும் என்று மேலே ஒருவர் எழுதியிருப்பதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. யானைக் கூட்டத்தைப் பற்றி எழுதிய நண்பரிடம் கேட்கிறேன்: அப்போது உங்கள் அருகில் இருந்தவர் யார், அவர் என்ன சொன்னார்?