35 சதவீதத்திலேயே நின்றுவிடும் மின் ஸ்கூட்டர்: ஒரு செல் வரிசையை மட்டும் மாற்றலாமா?

திருநெல்வேலியில் இருக்கிறேன். 2022 நவம்பரில் வாங்கிய வண்டி, 3 கிலோவாட் மணி லித்தியம் பேட்டரி, 27,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மூன்று வாரமாக, சார்ஜ் 38, 35 என்று காட்டும்போதே திடீரென்று 6-க்கு விழுந்துவிடுகிறது. அப்புறம் வேகம் 20-ஐத் தாண்டாது. போன செவ்வாய்க்கிழமை ஈரடுக்கு மேம்பாலத்தில் மகளைப் பின்னால் வைத்துக்கொண்டு ஏறும்போது அப்படியே நின்றுவிட்டது, கீழே இறங்கித் தள்ளிக்கொண்டு போனோம். அரை மணி நேரம் நிழலில் விட்டால் அதே வண்டி 24 காட்டுகிறது!

சாப்ட்வேர் அப்டேட் செய்தாயிற்று. பேட்டரிக்குள் இருக்கும் செல்கள் எல்லாம் ஒரே அளவு சார்ஜுக்கு வந்து சமன் ஆகட்டும் என்று 100 வந்த பிறகும் இரவு முழுக்க பிளக்கிலேயே விட்டேன், மூன்று தடவை. எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த்தும் பார்த்தாயிற்று. சர்வீஸ் சென்டரில் முதலில் எல்லாம் நார்மல் என்றார்கள், இப்போது மொத்த பேட்டரியையும் மாற்ற 60,000-க்கு மேல் கேட்கிறார்கள். மூன்று வருட வாரண்டி முடிந்துவிட்டது. செல்வாரியான வோல்டேஜ் ரிப்போர்ட் கேட்டேன், தரவில்லை.

வீட்டில் பெட்ரோல் வண்டிக்கே திரும்பச் சொல்கிறார்கள், எனக்கு மனமில்லை. சூர்ய கர் திட்டத்தில் 78,000 மானியத்தோடு மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டதே பகல் வெயிலில் இந்த வண்டிக்குச் சார்ஜ் ஏற்றத்தான்.

பேட்டரிக்குள் இருக்கும் செல் வரிசைகளில் ஒன்று பலவீனமாகியிருக்கும் என்று நினைக்கிறேன். அப்படிப்பட்ட வரிசையை மட்டும் மாற்றி, பயமில்லாமல் ஓட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?