மறு: ‘வயர்லெஸ் ஃபயர் அலாரம்’ – எந்தச் சொல்லை எடுத்துக்கொள்வது?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

‘வயர்லெஸ் ஃபயர் அலாரம்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடி இதுவரை வந்த மடல்களில் ‘கம்பியில்லாத் தீ எச்சரிக்கை அமைப்பு’ என்பதற்கே ஆதரவு மிகுதி. ‘கம்பியில்லாத் தந்தி’ என்று முன்பே வழங்கிய சொல் என்பதால் காதுக்கும் அது பழகியிருக்கிறது. ஆயினும் சிறு விடுதிகளிலும் திருமண மண்டபங்களிலும் இக்கருவிகளைப் பொருத்தித் தரும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், ‘எச்சரிக்கை’, ‘கம்பியில்லா’ ஆகிய இரண்டிலுமே எனக்கு உடன்பாடில்லை.

முதலில் ‘எச்சரிக்கை’யை எடுத்துக்கொள்வோம். இந்த அமைப்பின் கட்டுப்பாட்டுப் பெட்டியின் முகப்பில் சிவப்பு விளக்கும் மஞ்சள் விளக்கும் அடுத்தடுத்து இருக்கும். சிவப்பு எரிந்தால் தீ என்று பொருள். மஞ்சள் எரிந்தால் அறைகளில் புகையைக் கண்டறியும் உணரிகள் (சென்சார்) ஏதோ ஒன்றின் பேட்டரி தீரப்போகிறது, அல்லது அதனிடமிருந்து சிக்னல் வரவில்லை. மூன்று மாடி விடுதி ஒன்றில் நாங்கள் ஒட்டிய தமிழ் அட்டையில் இரண்டையும் ‘எச்சரிக்கை’ என்றே எழுதிவிட்டோம். மஞ்சள் விளக்கோடு வரும் பீப் ஒலியைக் கேட்டுச் சலித்த இரவுக் காவலர், எச்சரிக்கை வந்தால் ஒலியை நிறுத்தும் பொத்தானை அமுக்க வேண்டும் என்று பழகிவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வரவேற்பறையில் போட்ட சாம்பிராணிப் புகைக்குச் சிவப்பு விளக்கு எரிந்து சங்கு ஊதியபோதும், எந்த இடத்திலிருந்து அறிவிப்பு வந்தது என்று பார்க்காமல் அதே பொத்தானை அமுக்கிவிட்டு நாற்காலியில் அமர்ந்தார். அன்று சாம்பிராணியாகப் போயிற்று. பிழை அவருடையது அன்று. அட்டையை எழுதிய எங்களுடையது.

ஆகவே தீயைச் சொல்வது ‘தீயறிவிப்பு’, கோளாற்றைச் சொல்வது ‘பழுதறிவிப்பு’ என்று பிரித்துவிட வேண்டும். சுவரில் தொங்கும் சிவப்பு உருளையைத் ‘தீயணைப்பான்’ என்று ஏற்கெனவே சொல்லிவருகிறோம். அதற்கு இணையாகக் கருவியைத் ‘தீயறிவிப்பான்’ எனலாம். நண்பர் ஒருவர் முன்வைத்த ‘அபாயச் சங்கு’ எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ரயிலில் அபாயச் சங்கிலியைப் பார்த்த எவருக்கும் அது உடனே விளங்கும். ஆனால் அது ஊதும் பகுதிக்கு மட்டுமே பொருந்துவதால், அதற்கே அச்சொல்லை வைத்துக்கொள்வோம்.

அடுத்தது ‘கம்பியில்லா’. கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு 230 வோல்ட் மின்கம்பி வரத்தான் வேண்டும். இணையக் கடைகளில் தனியாக விற்கும் சாதாரணப் புகையுணரிக்கோ கம்பியே கிடையாது. ஆனால் அது தரைத்தளத்தில் கத்தினால் மூன்றாம் மாடியில் உறங்குபவருக்குக் கேட்காது. நாம் பெயர் தேடும் அமைப்பில் உணரிகளும் பெட்டியும் சங்கும் வானலையில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்சு வரையிலான அலைவரிசையைக் குறைந்த திறனில் உரிமம் இன்றிப் பயன்படுத்தலாம். தொடர்பு அறுந்தால் 300 நொடிகளுக்குள் பெட்டிக்கு அது தெரிந்தாக வேண்டும் என்று ஈஎன் 54-25 என்ற ஐரோப்பியத் தரம் விதிக்கிறது. பொருத்துமுன் ஒவ்வோர் அறையிலும் சிக்னல் எவ்வளவு கிடைக்கிறது என்று அளந்து பார்ப்பதும் இதனால்தான். அப்படி அளந்து வைத்த பெட்டிக்கு முன்னால் இரும்பு பீரோவை நகர்த்தி நிறுத்திவிட்டு, மஞ்சள் விளக்கு ஏன் எரிகிறது என்று கேட்டவர்கள் உண்டு. கம்பி இல்லை என்று மட்டும் அறிந்தவருக்கு பீரோவைப் பற்றி யோசிக்கத் தோன்றாது. வானலை என்று பெயரிலேயே இருந்தால், வீட்டின் மூலையில் செல்பேசிக்குச் சிக்னல் கிடைக்காமல் போவது அவருக்கு நினைவு வரும். ‘வானலை’ என்றால் வானொலி ஒலிபரப்போடு குழப்பம் வரும் என்ற மறுப்பை நான் பெரிதாகக் கருதவில்லை.

எனவே என் பரிந்துரை: ‘வானலைத் தீயறிவிப்பு அமைப்பு’. ‘அமைப்பு’ என்பதை இலங்கை நண்பர்கள் ‘தொகுதி’ என்பார்கள். தமிழ்நாட்டில் அது தேர்தலையே நினைவூட்டும் என்பதால் அவரவர் வழக்கப்படி இருக்கட்டும்.

ஒரு சொல்லுக்கு மட்டும் எனக்கு வழி தெரியவில்லை. ஒலியை மட்டும் அடக்கும் பொத்தானுக்கு ‘ஒலி நிறுத்து’ போதும். தீ இல்லை என்று நேரில் பார்த்து உறுதி செய்த பிறகு, பெட்டியை மறுபடியும் காவல் நிலைக்குக் கொண்டுவரும் ‘ரீசெட்’ பொத்தானுக்கு ‘மீளமை’ என்றால் காவலருக்கு விளங்கவில்லை; ‘பழைய நிலைக்குத் திருப்பு’ என்றால் இரண்டு சென்டிமீட்டர் பட்டையில் அடங்கவில்லை. புதிய அட்டையை அச்சுக்குக் கொடுக்குமுன் குழுவினர் ஒரு சொல் தந்தால் உதவியாக இருக்கும்.