கொடை வில்லும் சுப்பு ஆறுமுகத்தின் வில்லும்

பாளையங்கோட்டைக்குத் தெற்கே எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயில் திருவிழாவான கொடையில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆகவே, சுப்பு ஆறுமுகத்தின் வில்லிசையைத் தொலைக்காட்சியில் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு வியப்பைவிடக் குழப்பமே மிகுந்திருந்தது. அருகில் இருந்த தாத்தா, "என்னடே, மனுசன் பேசிக்கிட்டுல்லா இருக்காரு, சாமி எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

தாத்தாவின் கேள்வி நியாயமானதுதான். கொடையில் பாட்டின் வேலையே சாமியை வரவழைப்பது. காப்பு, குருவடி, அவையடக்கம் என்ற தொடக்கப் பாட்டுகள் எல்லாம் நிதானமாகவே போகும். நள்ளிரவுப் பூசையான சாமக்கொடை நெருங்கியதும், கதையை நடத்திப் பாடும் புலவர் வசனத்தைக் குறைத்துக்கொள்வார், உடுக்கை வேகமெடுக்கும், வீசுகோல் நாணில் விழ விழ மணிகள் ஓயாமல் குலுங்கும். குடக்காரர் ஒரு கையிலுள்ள பத்தி என்ற மட்டையால் குடத்தின் வாயில் அறைந்துகொண்டே, மறுகையில் பிடித்த நாணயத்தால் அதன் கழுத்தைத் தட்டுவார். சாமியாடி எழுந்து ஆடி முடிக்கும்வரை அந்தத் தாளம் தளராது.

திருநெல்வேலிப் பக்கத்துச் சத்திரம் புதுக்குளத்தில் 1928இல் பிறந்த சுப்பு ஆறுமுகம் இந்த மரபை அறியாதவர் அல்லர். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் அவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்றார். அங்கே படங்களுக்கு நகைச்சுவைப் பகுதிகள் எழுதியபடியே, காந்தியின் வரலாறு உள்ளிட்ட கதைகளைத் தாமே எழுதி வில்லில் பாடினார். சபாவில் சாமியாடி கிடையாது. கேட்பவர்களை உட்கார வைப்பதற்குப் பேச்சுதான் துணை. அவர் செய்த பெரிய மாற்றம் பக்கப்பாட்டில் இருக்கிறது என்பேன். எங்கள் ஊரில் இடம் பாடுகிறவர், அதாவது பக்கப்பாட்டுக்காரர், புலவர் விட்ட அடியை எடுத்துப் பாடி, "ஆமா" போட்டால் போதும். சுப்பு ஆறுமுகத்தின் மேடையிலோ, மகள் பாரதி திருமகன் உட்படப் பக்கத்தில் அமர்ந்தவர்கள் சபையின் சார்பில் ஐயம் கேட்பார்கள், குறுக்கிடுவார்கள். அந்தக் குறுக்கீட்டிலிருந்தே அடுத்த பாட்டு பிறக்கும். கதை தெரியாத நகரத்துப் பிள்ளைக்கும் கதை புரிந்தது அதனால்தான். அதற்குக் கொடுத்த விலை உடுக்கையின் உக்கிரம். எனக்கு அது இழப்பாகவே படுகிறது. ஆனால் காந்தி கதைக்கு அந்த உக்கிரம் எதற்கு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

2021இல் பத்மஸ்ரீ பெற்ற அவர், மறு ஆண்டு அக்டோபரில் காலமானார். அவர் பாணி கொடைக்கும் திரும்பி வந்திருக்கிறது என்பதை இப்போது எங்கள் ஊருக்கு வரும் குழுவிடம் கவனிக்கிறேன். முன்னிரவில் பக்கப்பாட்டுக்காரர் கேலியும் கேள்வியுமாகக் கூட்டத்தைச் சிரிக்க வைக்கிறார். சாமக்கொடை தொடங்கியதும் கேள்விகளை நிறுத்திவிட்டு, "ஆமா" மட்டும் போடுகிறார்.