பொருள்: ‘ஆர்ட்டிகுலேட்டட்’ ரயில்பெட்டி – தமிழில்?

குழுவினருக்கு வணக்கம்.
பழைய ரயில்பெட்டிகளைப் பாதுகாப்பது பற்றிய கட்டுரையை வெள்ளிக்குள் மொழிபெயர்த்துத் தரவேண்டும். அடுத்தடுத்த இரு பெட்டிகளின் முனைகள் ஒரே போகியின்மேல் (பெட்டிக்கு அடியிலுள்ள சக்கரத் தாங்கியின்மேல்) அமரும் அமைப்புக்குச் சொல் வேண்டும். ஆங்கிலேய ரயில் பொறியாளர் கிரெஸ்லியின் ‘குவாட் ஆர்ட்’ தொகுப்பில் நான்கு பெட்டிகளுக்கு ஐந்தே போகிகள். தனித்தனிப் பெட்டிகளானால் எட்டு. 1924-இல் கட்டிய 74-ஆம் எண் தொகுப்பு இங்கிலாந்தின் நார்த் நார்ஃபோக் ரயில்வேயிடம் இருக்கிறது. ‘இணைப்புப் பெட்டி’ சரியா?
– ச.

ச. அவர்களுக்கு,
எல்லா ரயில்பெட்டியும் இணைப்புப் பெட்டிதானே? கொக்கியைக் கழற்றினால் அவை பிரியும். இதைப் பணிமனையில் தூக்கித்தான் பிரிக்கமுடியும். ‘இணைபெட்டி’ என வினைத்தொகையாக்கினாலும் அதே குழப்பம். ‘கணுப்பெட்டி’ என்போம். கரும்பின் இரு கரணைக்கும் பொதுவானது கணு. முற்றியலுகரம், ஆகவே கணுக்கால்போல வலி மிகும். வள்ளுவர் ‘கால்வல் நெடுந்தேர்’ என்கிறார். அங்கே கால் என்பது சக்கரம். போகியையும் ‘காற்சட்டம்’ எனலாம்.
– இரா.

ஐயா, காற்சட்டத்தைக் கால்சட்டை என்றே படிப்பார்கள். கரும்பின் கணு வளையாது. இந்தப் பெட்டிகளோ அந்த இடத்தில்தான் வளைகின்றன. ‘மூட்டுப்பெட்டி’ போதும். கைலியின் இரு முனையையும் சேர்த்துத் தைப்பதை மூட்டுவது என்கிறோமே, அந்தப் பொருளும் பொருந்தும்.
– க.

கணுக்கால் வளைகிறதே! மூட்டு என்றதும் மூட்டுவலிதான் நினைவுக்கு வரும்.
– இரா.

அதைவிடப் பெரிய சிக்கல் போகி. நம் ஊரில் முழுப் பெட்டியையே போகி என்கிறோம். ‘ஒரே போகியைப் பகிரும் பெட்டிகள்’ என்றால் யாருக்கும் விளங்காது. சக்கரச்சட்டம் என்று எழுதுங்கள். சக்கரம் வடசொல் என்று இங்கே மறுபடி தொடங்கவேண்டாம்.

எந்தச் சொல்லானாலும், இவை ஏன் அரிதாக எஞ்சின என்பது வாசகருக்குப் புரியவேண்டும். நடுப்பெட்டி துருப்பிடித்தால் அதை மட்டும் கழற்றி ஒதுக்கமுடியாது. இருபுறப் பெட்டிகளும் தாங்கலின்றி நிற்கும். காப்பதானால் முழுத் தொகுப்பையும் காக்கவேண்டும், அதற்கேற்ற நீளக் கூரையும் வேண்டும். 1933-இல் ஜெர்மனியில் ஓடத்தொடங்கிய ‘பறக்கும் ஹாம்பர்கர்’ இரட்டைப்பெட்டி வண்டியில் முன்பகுதி மட்டுமே நூரம்பர்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எனக்கு அது பெரிய இழப்பு. 1934-இன் அமெரிக்க வண்டி ‘பயனியர் செஃபிர்’ மூன்று பெட்டியும் நான்கு சக்கரச்சட்டமுமாகச் சிகாகோவில் முழுதாக நிற்கிறது. துருப்பிடிக்காத எஃகு உடல் அதற்குப் பெருந்துணை.
– மு.

மு. சொன்ன காரணத்தைக் கட்டுரையில் சேர்த்துவிட்டேன். தனிமடல்களையும் பார்த்தபின் ‘மூட்டுப்பெட்டி’, ‘சக்கரச்சட்டம்’ என்றே அனுப்புகிறேன். முதல்முறை வருமிடத்தில் ஒரு வரி விளக்கம் இருக்கும்.
– ச.

அனுப்புங்கள். எனக்கு உடன்பாடில்லை. சொற்பட்டியலில் கணுப்பெட்டியையும் மாற்றுச்சொல்லாகப் பதியவேண்டும். கணு பற்றி விரிவாகத் தனி மடல் எழுதுகிறேன்.
– இரா.