வி1674 ஹெர்குலிஸ்: அந்த நோவாவைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

பின்னிரவு:
2021 ஜூன் 12 அன்று ஜப்பானின் செய்ஜி உவேடா கண்டுபிடித்த இந்த நோவாவை, அதாவது வெடித்துத் திடீரெனப் பொலிந்து மங்கும் விண்மீனை, நான் இரண்டே இரவுகள்தான் பார்த்தேன். செய்தி கிடைத்த இரவில் வானம் மூடிக் கிடந்தது. மேகம் விலகும் என்று விடியும்வரை விழித்திருந்தேன், விலகவில்லை. அந்த ஓர் இரவில்தான் அது பொலிவெண் 6ஐ (எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்) எட்டியது என்று பிறகு தெரிந்தபோது நெஞ்சு கனத்தது.

மறுநாள் இரவு கருடன் விண்மீன் குழுவின் வால்பக்கம் உள்ள ஜீட்டா, எப்சிலான் விண்மீன்களைப் பிடித்து, 10×50 பைனாகுலரை மெல்ல வடக்கே நகர்த்தினேன். வரைபடத்தில் இல்லாத ஒரு புள்ளி தென்பட்டது. அக்கம்பக்கத்து விண்மீன்களோடு நான்கைந்து முறை ஒப்பிட்டு 7.3 என்று குறித்தேன். அதற்கடுத்த இரவு நேராகப் பார்த்தால் மறைந்துவிட்டது, ஓரப்பார்வையில்தான் தெரிந்தது. 8.6. குறிப்பேட்டில் இந்த இரண்டு எண்களும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன. இன்றும் அந்தப் பக்கத்தைப் புரட்டினால் கை நின்றுவிடுகிறது.

மங்கியதைவிட அது எழும்பிய வேகம்தான் எனக்குப் பெரிய வியப்பு. கண்டுபிடிப்புக்குச் சுமார் எட்டு மணி நேரம் முன்பு தானியங்கி வான்தேடல் கேமரா ஒன்றில் அது 16.6 ஆகப் பதிவாகியிருக்கிறது. உவேடா பார்த்தபோது 8.4. அதாவது பிரகாசம் ஏறத்தாழ 2,000 மடங்கு!

ஒளிவளைவு:
எனக்கு ஜூன் 12 இரவே வானம் திறந்திருந்தது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்தேன். உச்சத்திலிருந்து இரண்டு பொலிவெண் இறங்க, அதாவது ஆறில் ஒரு பங்காக மங்க, இதற்கு ஒரு நாளுக்குச் சற்று மேல்தான் ஆனது. வழக்கமான நோவாக்களுக்கு வாரக்கணக்கில் ஆகும்.

காரணம் வெடிப்பு நடக்கும் வெண்குறுமீனின், அதாவது எரிந்து முடிந்து சுருங்கிய விண்மீன் கருவின், நிறையில் இருக்கிறது. துணை விண்மீனிலிருந்து வழியும் ஹைட்ரஜன் அதன் மேற்பரப்பில் படிந்து, அடியில் அழுத்தமும் வெப்பமும் ஏறி, கடைசியில் அணுக்கரு இணைவு கட்டுக்கடங்காமல் பற்றிக்கொள்கிறது. நிறை மிகுந்த வெண்குறுமீனில் ஈர்ப்பு கடுமை. மெல்லிய படலம் சேர்ந்தாலே போதும், வெடித்துவிடும். படலம் மெல்லியது என்பதால் சிதறிய பொருளும் விரைவில் விரிந்து ஒளி ஊடுருவ வழிவிடுகிறது. இதே விண்மீன் வெடிப்புக்கு முன்பே 501 நொடிக்கு ஒருமுறை துடித்திருப்பதைப் பழைய தரவுகளில் கண்டுபிடித்தார்கள். வெண்குறுமீன் தன்னைத்தானே சுற்றும் காலம் அது. பழைய தரவுகளை யாரும் அழித்துவிடாதீர்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

அன்னத்தின் சிறகு:
நான் வயதில் மூத்தவன். நான் பார்த்த நோவா வேறு, 1975 ஆகஸ்ட் 30 அன்று. பள்ளி மாணவனாக இருந்தேன், கருவி எதுவும் கிடையாது. அண்ணாந்து பார்த்தால் அன்னம் விண்மீன் குழுவின் உருவமே தப்பாக இருந்தது. நீட்டிய கையின் மூன்று நான்கு விரல் அகலத்தில், அந்தக் குழுவின் பிரகாசமான விண்மீன் டெனப்புக்கு அருகே, அதைவிடச் சற்றே மங்கலாக ஒரு புதிய விண்மீன்! செயற்கைக்கோள் என்று நினைத்து அரை மணி நேரம் பார்த்தேன். அசையவில்லை. அதுதான் வி1500 சிக்னி என்ற நோவா என்று பின்னர் படித்தேன். ஜப்பானின் மினோரு ஹோண்டா முந்தைய நாளே அறிவித்துவிட்டார். உலகெங்கும் நூற்றுக்கணக்கானோர் என்னைப் போலவே தாமாகக் கண்டுபிடித்திருந்தார்கள். ஒரு வாரத்தில் வெறுங்கண்ணுக்கு அது இல்லை. நான் மட்டும் மாதக்கணக்கில் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிறமாலை:
2021 ஆகஸ்டில் ஆர்எஸ் ஒபியூக்கி என்ற இன்னொரு நோவா வெடித்தபோது, ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் சிறிய நிறமாலைமானியைத் தொலைநோக்கியில் பொருத்தியிருந்தேன். ஹைட்ரஜன் ஆல்ஃபா கோடு (ஹைட்ரஜன் வெளிவிடும் சிவப்பு ஒளி) கூர்மையாக இல்லாமல் மலைபோல அகன்று எழுந்தது. அந்த அகலத்திலிருந்து சிதறும் வாயுவின் வேகத்தைக் கணக்கிட்டால் நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன், விடை மாறவில்லை.

பின்னிரவு:
அன்னத்தின் சிறகு ஐயா, அப்போது தேதியிட்டு ஏதாவது குறித்து வைத்திருக்கிறீர்களா? டெனப்போடு ஒப்பிட்டு ஒரு வரி இருந்தாலும் இங்கே எழுதுங்கள். ஒளிவளைவு, உங்கள் ஜூன் 12 அளவுகளை நேரத்தோடு தாருங்கள். எனக்கு மேகம் மறைத்த அந்த இரவை உங்கள் எண்களில் பார்த்துக்கொள்கிறேன்.