அளவெட்டியில் திருத்தின நாற்சார் வீடு: வாங்கிக் குடியிருக்க ஆள் வேணும்

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணம் அளவெட்டியில எங்கட அம்மம்மா காலத்து நாற்சார் வீட்டை (நடுமுற்றத்தைச் சுத்தி நாலு பக்கமும் கட்டின வீடு) விற்க வேண்டிய நிலை. அம்மாவால இனித் தனிய இருக்கேலாது, பிள்ளையள் எல்லாரும் வெளியில.

வீடு குடிபுகத் தயார். பழைய சுண்ணாம்புச் சுவருக்கு மேல ஆரோ பூசின சீமெந்து ஈரத்தை உள்ளுக்க அடைச்சு, கீழ்ப்பக்கம் உப்புப் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அதை முழுக்கக் கொத்தி எடுத்து, திரும்பச் சுண்ணாம்புச் சாந்தே பூசினம். கூரையில உளுத்த பனஞ்சிலாகையளை மட்டும் மாத்தினம். நடுமுற்றத்தில மழைத்தண்ணி வடியிற பீலியும் தலைவாசல் திண்ணையும் அப்பிடியே இருக்கு.

வந்து பாத்த தரகர்மார் காணிக்கு மட்டும்தான் விலை சொல்லுகினம். "உடைச்சுப்போட்டு விற்கலாம்" எண்டு கேக்கவே நெஞ்சு பதறுது.

பழைய வீட்டின்ர பெறுமதியையும் சேர்த்து மதிக்கிற மதிப்பீட்டாளர் ஆரையும் தெரியுமோ? கிணறு பக்கத்து வளவோட பங்கு; தண்ணி உரிமையையும் கிணத்தடிப் பாதையையும் காணி உறுதியில (பத்திரத்தில) தெளிவா எழுதக்கூடிய நொத்தாரிசும் (உறுதி எழுதிற சட்டத்தரணி) வேணும். கனடாவில இருக்கிற பெரியம்மாவுக்கும் வீட்டில பங்கிருக்கு. இப்பிடி வெளிநாட்டில இருக்கிற பங்காளி அற்றோணித் தத்துவம் (தனக்காகக் கையெழுத்து வைக்க இன்னொராளுக்குக் குடுக்கிற அதிகாரப் பத்திரம்) அனுப்பி விற்ற அனுபவம் உள்ள ஆக்கள், தயவுசெய்து நடைமுறையைச் சொல்லுங்கோ.

வெளிநாட்டில இருந்து வாங்க யோசிக்கிறவை கவனியுங்கோ: இலங்கையின்ர 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டுப் பிரசைகளுக்குக் காணி கைமாறுறதைக் கட்டுப்படுத்துது. இலங்கைக் குடியுரிமையும் சேர்ந்த இரட்டைக் குடியுரிமை இருந்தால் அந்தத் தடை இல்லை.

வீட்டை வீடாவே வைச்சிருக்க விரும்புற குடும்பம் தெரிஞ்சால் உள்பெட்டிக்கு வாங்கோ. விலையில விட்டுக்குடுக்க அம்மாவும் சம்மதம்.