குவாண்டம் கிணற்றின் இடைமுகச் சொரசொரப்பு: ஓர் உதவி தேவை

குழுவினருக்கு வணக்கம். சென்னையில் ஆய்வு மாணவனாக உள்ள நான், அலுமினியம் காலியம் ஆர்செனைடு அடுக்குகளுக்கு நடுவே 5 நானோமீட்டர் தடிமனில் வளர்க்கப்பட்ட காலியம் ஆர்செனைடு குவாண்டம் கிணற்றை, அதாவது எலக்ட்ரான்களை உள்ளே அடைத்துவைக்கும் மெல்லிய குறைக்கடத்தி அடுக்கை, அதன் ஒளியுமிழ்வைக் கொண்டு ஆராய்ந்து வருகிறேன். 10 கெல்வினில் பச்சை லேசரைப் பாய்ச்சும்போது, உமிழ்வு நிறமாலையில் ஒரே முகடு வரும் என்று நான் எதிர்பார்த்த இடத்தில், ஏறக்குறைய 6 மில்லி எலக்ட்ரான் வோல்ட் இடைவெளியில் இரண்டு முகடுகள் தெரிகின்றன.

கிணற்றின் அகலம் ஓர் அடுக்கு (ஒரு வரிசை காலியமும் ஒரு வரிசை ஆர்செனிக்கும்), அதாவது 0.283 நானோமீட்டர், மாறினாலே இவ்வளவு விலகல் வரும் என்பது என் கணக்கு. இரு பொருள்கள் சேரும் இடைமுகத்தில், எக்ஸிட்டானின் (பிணைந்த எலக்ட்ரான்-துளை இணையின்) விட்டத்தைவிடப் பெரிய தீவுகள், அதாவது ஓர் அடுக்கு கூடிய திட்டுகள், இருந்தால் முகடு பிரியும். தீவுகள் சிறியவையாக இருந்தால், எக்ஸிட்டான் அவற்றைச் சராசரியாகவே உணர்வதால், முகடு பிரியாமல் அகலமாகும்.

ஆனால், கீழ் ஆற்றல் முகடு மாசு அணுவில் பிணைந்த எக்ஸிட்டானுடையதாகவும் இருக்கலாம் என்பதே என் தயக்கம். மாசு அணுக்கள் சிலவே என்பதால், அவற்றின் உமிழ்வு ஓரளவுக்கு மேல் கூடாமல் தேக்கமடைய வேண்டும்; ஆனால் லேசர் திறனைக் கூட்டியபோது அந்த முகடு தேக்கமடையவில்லை; வெப்பநிலையை உயர்த்தினால் மங்குகிறது. பின்னதை நான் சான்றாகக் கொள்ளவில்லை, ஏனெனில் தீவில் சிக்கிய எக்ஸிட்டானும் வெப்பத்தில் விடுபட்டுவிடும்.

உமிழ்வை ஓர் அலைநீளத்தில் நிறுத்தி, தூண்டும் ஒளியின் அலைநீளத்தை மாற்றி அளந்தால், இரு முகடுகளுக்கும் தனித்தனி உட்கவர்ச்சி (ஒளியை உறிஞ்சுதல்) உண்டா என்று தெரிந்துவிடும். எங்களிடம் அலைநீளம் மாற்றக்கூடிய லேசர் இல்லை. கிண்டி, தரமணி பக்கம் டைட்டேனியம் சஃபயர் லேசரும் குளிர்விப்புக் கலமும் உள்ள ஆய்வகத்தில் இருப்பவர்கள், ஒரு நாள் அளவிட இடம் தர இயலுமா என்று தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.